பழைய ஜி41 கம்ப்யூட்டரில் ரெண்டாவது ஹார்டு டிஸ்க் போடலாமா? 4 டிபி எடுக்குமா?

இளம்பிள்ளை தறி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படித்துக்கொண்டு மட்டுமே இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் சித்தப்பா இளம்பிள்ளையில் ஜக்கார்டு டிசைன் போட்டுக் கொடுக்கிறார். பழைய சேலையைக் கொண்டுவந்து கொடுத்தால் ஸ்கேன் செய்து, பார்டர், முந்தி, புட்டா என்று பிரித்து, கட்டம் கட்டமாகத் திருத்தித் தறிக்கு ஏற்ற ஃபைலாகத் தருவார். ஃபைல் சின்னதுதான். ஸ்கேன்தான் இடத்தை விழுங்குகிறது. ஏ3 அளவில் 600 டிபிஐ வைத்து டிஃப் படமாகச் சேமித்தால் ஒன்றே 200 எம்பியைத் தாண்டுகிறது. இருக்கும் 320 ஜிபி டிஸ்க் நிறைந்து, சி டிரைவ் சிவப்புக் கோடு காட்ட ஆரம்பித்துவிட்டது.

புது கம்ப்யூட்டர் வாங்குங்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். டிசைன் சாஃப்ட்வேருக்கு டாங்கிள் உண்டு, அதைச் சொருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். அது பின்னால் பழைய பிரிண்டர் போர்ட்டில் சொருகுவது. புது மிஷினில் அந்த போர்ட்டே இல்லை. யூஎஸ்பி மாற்றி வாங்கிப் பார்த்தோம், டாங்கிளைக் கண்டுகொள்ளவே இல்லை.

கம்ப்யூட்டர் விவரம்: கோர் 2 டுவோ, ஜி41 (இன்டெல் சிப்செட்) மதர்போர்டு, 2 ஜிபி ராம், விண்டோஸ் 7 32 பிட். ஒரு சாட்டா (மெல்லிய கேபிள் ரகம்) டிஸ்க், ஒரு டிவிடி டிரைவ். ஒரேயடியாக 4 டிபி டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமா? இந்த மிஷின் அதை எடுக்குமா? சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால் "எதையும் தொடாதீங்க" என்பதோடு சரி.

செவ்வாய்ப்பேட்டை எலி

ஹார்டு டிஸ்க்கே வேண்டாம், எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போடுங்க ப்ரோ. சி டிரைவை அப்படியே குளோன் பண்ணிட்டா மிஷின் பறக்கும்.

சால்டரிங் அயர்ன்

எலி தம்பி, அவர் கேட்டது இடம், வேகம் இல்லை. குளோனும் இப்போதைக்கு வேண்டாம். இந்த மாதிரி டிசைன் சாஃப்ட்வேர்களில் சிலது டாங்கிளோடு நிற்காமல் டிஸ்க்கின் அடையாள எண்ணையும் பார்த்து லைசன்ஸ் கொடுக்கும். சி டிரைவ் மாறிவிட்டால் சாஃப்ட்வேர் திறக்காது, போட்டுக் கொடுத்தவரும் ஃபோன் எடுக்க மாட்டார். ஓடுகிற சி டிரைவ் அப்படியே ஓடட்டும்.

இளம்பிள்ளைத் தம்பிக்கு: டிஸ்க் விலை விசாரிக்கும் முன் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். பாதிப் பேர் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் கேபிள் இல்லை, கரண்ட் ஒயர் எட்டவில்லை, ஸ்குரூ இல்லை என்று மறுபடியும் பஸ் ஏறி வருகிறார்கள்.

முதலில் கரண்ட். சுவிட்சை அணைத்து, பின்னால் பவர் கார்டையே உருவிவிடுங்கள். உருவிய பிறகு முன்பக்க பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கியிருக்கும் மிச்சமும் போய்விடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைக் கையால் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தறி இருக்கும் வீடு என்றால் உள்ளே பஞ்சு மெத்தையே இருக்கும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா சுழல விட்டால் பேரிங் போய்விடும்.

அப்புறம் மதர்போர்டு. ஜி41 போர்டுகளில் பெரும்பாலும் ஐசிஹெச்7 சிப்தான், அதற்கு நாலு சாட்டா போர்ட். அதில் டிஸ்க்குக்கு ஒன்று, டிவிடிக்கு ஒன்று போக ரெண்டு காலியாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் அச்சடித்திருக்கும். எதில் எது சொருகியிருக்கிறது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், பின்னால் உதவும். சாக்கெட்டுக்குள் ஆங்கில எல் எழுத்து மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாக்கு தெரியும். பழைய போர்டில் அது காய்ந்து போயிருக்கும். கேபிளைச் சாய்த்து இழுத்தால் முறிந்து கேபிளோடு வந்துவிடும். நேராக இழுக்க வேண்டும். கேபிளில் இரும்புக் கிளிப் இருந்தால் அதை அமுக்கிக்கொண்டு இழுங்கள்.

டிஸ்க்கில் தகராறு வரும் பழைய மிஷின்களில் பாதிக்கு மேல் காரணம் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே கரண்ட் கொடுக்கும் டப்பா. அதிலிருந்து வரும் ஒயர்களில் தட்டையான, கறுப்பான சாட்டா பவர் முனை காலியாக இருக்கிறதா பாருங்கள். நாலு முள் கொண்ட பெரிய வெள்ளை முனை மட்டும் இருந்தால் அதையும் எழுதுங்கள். டிஸ்க் ஓடும்போது எட்டு, பத்து வாட்டுக்கு மேல் இழுக்காது. ஆனால் தட்டு சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் லைனில் ரெண்டு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய மலிவு எஸ்எம்பிஎஸ் அங்கேதான் மூச்சு முட்டும். மதர்போர்டில் தலை வீங்கிய கெப்பாசிட்டர் ஏதாவது தென்பட்டாலும் சொல்லுங்கள். அதைச் சரி செய்யாமல் புது டிஸ்க் போடுவது வீண்.

ஸ்குரூ விஷயம் சின்னதுதான், ஆனால் நிறையப் பேர் இதில்தான் திருகைக் கெடுக்கிறார்கள். 3.5 இன்ச் டிஸ்க்குக்கு மரை அகலமான ஸ்குரூ. டிவிடி டிரைவுக்கு மரை நெருக்கமான, மெல்லிய ஸ்குரூ. ரெண்டு சுற்றிலேயே இறுகினால் நிறுத்திவிடுங்கள், அது வேறு ஸ்குரூ.

4 டிபி பற்றி இரவு எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறார்.

கொலுசுப் பட்டறை

அயர்ன் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். தட்டுவடை செட் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

எஸ்டேட் கணக்கு

இதே இழையில் ஒரு சந்தேகம். நான் ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். மலை மேல் காற்று லேசு, ஹார்டு டிஸ்க்குக்கு அது ஆகாது, எஸ்எஸ்டிதான் போட வேண்டும் என்று கீழே ஒரு கடையில் சொன்னார்கள். உண்மையா?

பென்குயின்

அக்கா, அதில் பாதி உண்மை. சாதாரண ஹார்டு டிஸ்க்கின் மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதை மூடக் கூடாது என்று பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். வெளிக்காற்றின் அழுத்தமும் உள்ளேயிருக்கும் அழுத்தமும் அதன் வழியாகத்தான் சமமாகிறது. தட்டு சுழலும்போது எழும் காற்றில்தான் படித்து எழுதும் ஹெட் மிதக்கிறது. காற்று ரொம்ப மெலிந்தால் ஹெட் தட்டின் மேல் இறங்கிவிடும். ஆனால் பெரும்பாலான டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளரே 10,000 அடி, அதாவது சுமார் 3,000 மீட்டர் வரை ஓட்டலாம் என்று போட்டிருக்கிறார். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். லே, லடாக் போனால் யோசிக்கலாம். சேர்வராயன் கோயில் உச்சியில் வைத்து ஓட்டினாலும் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் ஊரில் பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. ஜனவரிக் காலையில் ஆபீஸில் சில்லென்று கிடந்த டிஸ்க்கைப் பையில் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம் தாண்டிச் சேலத்துச் சூட்டில் எடுத்ததும் சொருகினால், குளிர்ந்த இரும்பில் வெளிக்காற்றின் ஈரம் படிந்துவிடும். சர்க்யூட் போர்டில் அந்த ஈரத்தோடு கரண்ட் கொடுக்கக் கூடாது. பையிலேயே ரெண்டு மணி நேரம் விட்டு, ஊர்ச் சூட்டுக்கு வந்த பிறகு சொருகுங்கள்.

எஸ்டேட் கணக்கு

ஆஹா, நன்றி. நான் ஆடிட்டர் ஆபீஸுக்குக் கொண்டுபோய் நேராக அவர்கள் மேஜையில் சொருகுகிறவள். இனிமேல் முதலில் காபி குடித்துவிட்டுச் சொருகுகிறேன்.

சால்டரிங் அயர்ன்

சரி, 4 டிபி.

பழைய முறையில் டிஸ்க்கின் பாகப்பிரிவினையை எழுதி வைக்கும் இடத்துக்கு எம்பிஆர் என்று பெயர். அது செக்டார் (டிஸ்க்கின் ஒரு சின்னத் துண்டு) எண்ணை 32 பிட்டில் எழுதும். ஒரு செக்டார் 512 பைட் என்று கணக்குப் போட்டால் அதிகபட்சம் 2.2 லட்சம் கோடி பைட். அதற்கு மேல் எண்ணே கிடையாது. 4 டிபி டிஸ்க்கை எம்பிஆரில் தொடங்கினால் 2048 ஜிபி மட்டும் கைக்கு வரும், மிச்சம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் ஜிபி கறுப்புக் கோடாகச் சும்மா நிற்கும்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் ஜிபிடி என்ற புது முறை. விண்டோஸ் எக்ஸ்பி 32 பிட் அதைப் படிக்கவே படிக்காது. விண்டோஸ் 7 படிக்கும், 32 பிட்டாக இருந்தாலும் சரி, பழைய பயாஸாக (விண்டோஸுக்கு முன் மிஷினைக் கிளப்பும் போர்டு புரோகிராம்) இருந்தாலும் சரி, ஆனால் தகவல் வைக்கும் டிஸ்க்காக மட்டும். அதிலிருந்து விண்டோஸைக் கிளப்ப முடியாது. உங்கள் சி டிரைவ் தனியாக இருப்பதால் அந்தக் கவலை இல்லை. ஆக, 4 டிபி உங்கள் மிஷினில் ஓடும்.

இருந்தாலும் நான் 2 டிபி வாங்கச் சொல்வேன். சில பழைய பயாஸ் 2 டிபிக்கு மேல் அளவைத் தப்பாகக் காட்டும். சில பழைய டிரைவர்களும் அங்கேயே தடுக்கி விழும். நாளைக்கு இந்த மிஷின் படுத்து, அவசரத்துக்கு டிஸ்க்கைக் கழற்றி வேறொரு எக்ஸ்பி மிஷினில் மாட்ட வேண்டி வந்தால் எம்பிஆர் போட்ட 2 டிபி எங்கேயும் திறக்கும். தறிப் பக்கம் இன்னும் எத்தனை எக்ஸ்பி மிஷின் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். உங்கள் 200 எம்பி ஸ்கேன் 2 டிபியில் ஒன்பதாயிரத்துக்கு மேல் பிடிக்கும். அத்தனை சேலை வந்து, அத்தனையும் ஸ்கேன் ஆன பிறகு அடுத்த டிஸ்க்கைப் பற்றிப் பேசலாம்.

போட்ட பிறகு 1863 ஜிபி என்றுதான் காட்டும். ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

வேகமும் குறையாது. உங்கள் போர்ட் நொடிக்கு 3 ஜிகாபிட், அதாவது சுமார் 300 எம்பி. சுழலும் டிஸ்க் அதிகம் போனால் 200 எம்பி. டிஸ்க் மேல் 6 ஜிகாபிட் என்று போட்டிருந்தாலும் இறங்கி வந்து ஓடும். 2004, 2005 வாக்கில் வந்த வியா சிப்செட் போர்டுகள் சிலதில்தான் புது டிஸ்க் பேசாமல் அடம் பிடிக்கும். உங்களுடையது இன்டெல், பிரச்சினை இல்லை.

செவ்வாய்ப்பேட்டை எலி

2 டிபி டிஸ்க்கில் எஸ்எம்ஆர் பஞ்சாயத்து இருக்கே அண்ணா?

சால்டரிங் அயர்ன்

இருக்கிறது. தடங்களை ஓட்டு அடுக்குவது போல ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதும் முறை அது. நடுவில் ஒன்றை மாற்றினால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும், அதனால் தொடர்ந்து எழுதினால் மந்தமாகும். 2020இல் நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி) என்று விற்ற டிஸ்க்கிலேயே சொல்லாமல் அதைப் போட்டது தெரிந்து பெரிய சண்டை நடந்தது. ஸ்கேனை ஒரு தடவை எழுதிவிட்டுப் பிறகு எடுத்துப் பார்க்கும் வேலைக்கு அது போதும். வேண்டாம் என்றால் சிசிடிவிக்கு விற்கும் டிஸ்க் வாங்கலாம். அவை பெரும்பாலும் பழைய முறையில் எழுதுபவை, சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடும்.

ஒன்று மட்டும். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ரீஃபர்பிஷ்டு டிஸ்க் பக்கம் போகாதீர்கள். ஓடிய மணிக் கணக்கைப் பூஜ்யமாக்கி விற்பது சாதாரணமாக நடக்கிறது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் ஏற்கெனவே ஓடித் தேய்ந்த டிஸ்க்குகள் புதுசு என்று கடைகளில் விற்றது அம்பலமானது. அங்கேயே அப்படி.

இளம்பிள்ளை தறி

அண்ணா, ரொம்ப நன்றி. திறந்து பார்த்தேன். பஞ்சு மெத்தை என்று சரியாகத்தான் சொன்னீர்கள். சிபியூ ஃபேனுக்கும் அடியில் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே சாயம் போட்ட நூல் பஞ்சு, கத்தரிப்பூ நிறத்தில், தட்டையாக ஒரு துண்டாகவே உரிந்து வந்தது. கெப்பாசிட்டர் எல்லாம் தட்டையாகத்தான் இருக்கின்றன.

சாட்டா போர்ட் நாலு. 1இல் டிஸ்க், 2இல் டிவிடி. 3, 4 காலி. எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் முனை ரெண்டுதான், ரெண்டும் மாட்டியாகிவிட்டது. நாலு முள் வெள்ளை முனை மூன்று தொங்குகின்றன. வெள்ளையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒயர் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறதே, அது போதுமா?

பென்குயின்

போதும், ஆனால் எந்த மாதிரி என்று பார்த்து வாங்குங்கள். சாட்டா முனையில் ஒயர்கள் ஒரே வார்ப்புப் பிளாஸ்டிக்குக்குள் போய் மறைந்தால் அது வேண்டாம். அந்த ரகத்தில் உள்ளே 12 வோல்ட் ஒயரும் கிரவுண்டும் நெருங்கிவிட்டால் தீய்ந்து, டிஸ்க்கோடு போகும். ஒவ்வொரு ஒயரும் தனித்தனியாகத் தெரிந்து, பின்னால் மூடி திறக்கிற மாதிரி இருப்பதை வாங்குங்கள்.

சால்டரிங் அயர்ன்

தீப்பிடிக்கும் என்று எல்லோரையும் பயமுறுத்த வேண்டாம் பென்குயின். நான் வார்ப்பு ரகத்தையும் மாட்டியிருக்கிறேன், இன்னும் ஓடுகின்றன. ஆனால் விலை வித்தியாசம் ஒரு டீ காசுதான் என்பதால் நீங்கள் சொல்வதையே வாங்கட்டும். இன்னொரு வழி, டிவிடிக்குப் போகும் சாட்டா பவர் முனையை ரெண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவ ஒயர். ஒரு சாட்டா முனை ஒவ்வொரு வோல்ட்டேஜிலும் 4.5 ஆம்பியர் தாங்கும். டிவிடியும் ஒரு டிஸ்க்கும் அதற்குள் அடங்கிவிடும்.

கொலுசுப் பட்டறை

யூஎஸ்பி எக்ஸ்டர்னல் டிஸ்க்கை உடைத்து உள்ளே போட்டால் மலிவாக முடியாதா? ஆஃபரில் அதுதான் விலை குறைவாக வருகிறது.

பென்குயின்

சின்ன 2.5 இன்ச் ரகத்தில் நிறைய மாடலுக்குள் சாட்டா முனையே இருக்காது, யூஎஸ்பி நேராக போர்டிலேயே பற்றவைத்திருக்கும். உடைத்த பிறகு அழ வேண்டியதுதான். பெரிய 3.5 இன்ச் ரகத்தில் சாட்டா இருக்கும், ஆனால் சிலதில் பவர் முனையின் மூன்றாவது காலில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் சுழலாமலே நிற்கும், சர்வருக்காக வைத்த ஏற்பாடு அது. வெள்ளை முனை மாற்றி ஒயரில் 3.3 வோல்ட் கிடையாது என்பதால் அதில் சுழலும். இன்னும் ஒன்று, டப்பாவுக்குள் இருக்கும்போது எழுதிய ஃபைல்கள் கழற்றி உள்ளே மாட்டியதும் தெரியாமல் போகலாம். சில டப்பாக்கள் செக்டார் அளவை மாற்றிக் காட்டும், சிலது பூட்டுப் போட்டு எழுதும். வாரண்டியும் போச்சு. சித்தப்பாவின் தொழில் மிஷினுக்கு இந்த விளையாட்டு வேண்டாம்.

இளம்பிள்ளை தறி

2 டிபி, சிசிடிவி ரகம், பில்லோடு வாங்கிவிட்டேன். ஒயரும் தனித்தனி ஒயர் தெரிகிற ரகம்தான். பழைய டிஸ்க்குக்குக் கீழே ஒரு இடம் விட்டு மாட்டி, போர்ட் 3இல் சொருகினேன். தட்டு சுழலும் சத்தம் கேட்கிறது, கை வைத்தால் மெல்லிய அதிர்வும் தெரிகிறது. ஆனால் விண்டோஸில் இல்லை. பயாஸுக்குள் போனால் அங்கேயும் இல்லை. பழைய டிஸ்க்கும் டிவிடியும் மட்டும் காட்டுகிறது. டிஸ்க் டெட்டா? கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகட்டுமா?

செவ்வாய்ப்பேட்டை எலி

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இனிஷியலைஸ் பண்ணுங்க ப்ரோ.

சால்டரிங் அயர்ன்

பயாஸிலேயே இல்லை என்கிறார், இனிஷியலைஸ் எங்கே செய்வது? விண்டோஸைச் சந்தேகப்பட வேண்டியது பயாஸில் தெரிந்து விண்டோஸில் தெரியாதபோதுதான்.

தம்பி, கடைக்கு ஓடாதீர்கள். மிஷினை அணைத்து, பவர் கார்டை உருவி, டிவிடியின் ரெண்டு கேபிளையும் கழற்றிப் புது டிஸ்க்கில் சொருகுங்கள். அந்தக் கேபிளும் அந்தப் போர்ட்டும் அந்தப் பவர் முனையும் வேலை செய்கின்றன என்று ஏற்கெனவே தெரியும். அதில் டிஸ்க் தெரிந்தால் டிஸ்க் நல்லது. பிறகு பவரை மட்டும் புது ஒயருக்கு மாற்றிப் பாருங்கள். அப்புறம் டேட்டா கேபிளை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் குற்றவாளி மாட்டுவான்.

இளம்பிள்ளை தறி

டிவிடியின் கேபிள்களில் தெரிகிறது! புது பவர் ஒயரிலும் தெரிகிறது. புது டேட்டா கேபிளை போர்ட் 2இல் சொருகினாலும் தெரிகிறது. போர்ட் 3, 4 ரெண்டில் எதில் சொருகினாலும் இல்லை. போர்ட்தான் போய்விட்டதா?

சால்டரிங் அயர்ன்

ரெண்டு போர்ட்டும் ஒன்றாகப் போகாது. பயாஸில் சாட்டா அமைப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஐசிஹெச்7 போர்டுகளில் கம்பைண்டு, என்ஹான்ஸ்டு என்று ரெண்டு இருக்கும். சில பயாஸில் கம்பேட்டிபிள், நேட்டிவ் என்று எழுதியிருக்கும். கம்பைண்டு என்பது விண்டோஸ் 98 காலத்து ஏற்பாடு. பழைய ஐடிஇ டிஸ்க்கையும் சாட்டாவையும் சேர்த்து மொத்தமே நாலு பொருள்தான் கணக்கில் வரும். அகலக் கேபிள் போகும் ஐடிஇ சாக்கெட் காலியாகக் கிடந்தாலும் அதற்கு ரெண்டு இடத்தை ஒதுக்கிவிட்டு சாட்டாவுக்கு ரெண்டை மட்டும் கொடுக்கும். என்ஹான்ஸ்டுக்கு மாற்றினால் நாலு போர்ட்டும் உயிர் பெறும்.

மாற்றும் முன் பயாஸ் திரைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வையுங்கள். ஐசிஹெச்7இல் ரெண்டுமே ஐடிஇ முறைதான் என்பதால் விண்டோஸ் 7 பெரும்பாலும் முணுமுணுக்காமல் கிளம்பும். இதைப் படிக்கும் மற்றவர்கள் கவனிக்க: புது போர்டுகளில் ஐடிஇயிலிருந்து ஏஹெச்சிஐக்கு (சாட்டா டிஸ்க்கோடு பேசும் புது முறை) மாற்றுவது வேறு விவகாரம், டிரைவரைத் தயார் செய்யாமல் மாற்றினால் நீலத் திரைதான். இந்தப் போர்டில் அந்த வம்பு இல்லை.

இளம்பிள்ளை தறி

கம்பைண்டு என்றுதான் இருந்தது. மாற்றினேன், 3இல் டிஸ்க் வந்துவிட்டது, 1863 என்றே காட்டுகிறது. ஆனால் இப்போது விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்று வருகிறது. சித்தப்பா பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். கொஞ்சம் சீக்கிரம்.

பென்குயின்

பயப்பட ஒன்றுமில்லை. புது டிஸ்க் வரிசையில் முன்னால் போய் நின்றுவிட்டது, வெறும் டிஸ்க்கிலிருந்து விண்டோஸைத் தேடுகிறது. பயாஸில் பூட் பக்கம் போய், ஹார்டு டிஸ்க் டிரைவ்ஸ் என்ற உள்பிரிவைத் திறங்கள். முதலிடத்தில் பழைய 320 ஜிபியை வையுங்கள். பூட் டிவைஸ் வரிசையில் மட்டும் மாற்றினால் போதாது, அங்கே முதல் ஹார்டு டிஸ்க் ஒன்றுதான் தெரியும். எஃப்10 அடித்துச் சேமியுங்கள்.

இளம்பிள்ளை தறி

வந்துவிட்டது. டிசைன் சாஃப்ட்வேரும் திறக்கிறது, டாங்கிளும் பத்திரம். சித்தப்பா சாப்பிடப் போய்விட்டார்.

சால்டரிங் அயர்ன்

நல்லது. அந்த பயாஸ் அமைப்பு நிலைக்க வேண்டுமென்றால் போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரியை மாற்றிவிடுங்கள். இத்தனை வருஷ போர்டில் அது சாகிற வயதுதான். செத்தால் அமைப்பெல்லாம் பழையபடி கம்பைண்டுக்குப் போய் டிஸ்க் மறுபடி காணாமல் போகும், நீங்கள் டிஸ்க்கைத் திட்டுவீர்கள். பேட்டரியைக் கழற்றும்போதே அமைப்பு அழிந்துவிடும், அதனால் எடுத்து வைத்த படத்தைப் பார்த்து மறுபடி போட வேண்டும்.

இனி விண்டோஸ் வேலை. கம்ப்யூட்டர் ஐகான் மேல் ரைட் கிளிக், மேனேஜ், டிஸ்க் மேனேஜ்மென்ட். திறந்ததும் இனிஷியலைஸ் கேட்கும். எம்பிஆர் தேர்ந்தெடுங்கள். கறுப்புக் கோடு போட்ட இடத்தில் ரைட் கிளிக் செய்து நியூ சிம்பிள் வால்யூம். ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ். குயிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிடுங்கள். முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்க எழுதிப் பார்க்கும், நாலு மணி நேரம் போல ஆகும். புது டிஸ்க்கில் கெட்ட இடம் இருந்தால் ஸ்கேன்களை ஏற்றும் முன்னாலேயே தெரிந்துவிடும், அப்போது கடைக்குத் திருப்பலாம். முடிந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சோதனை சாஃப்ட்வேர் போட்டு, கெட்ட இடங்களைக் காட்டும் 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யமா பாருங்கள்.

மற்றவர்கள் ஜாக்கிரதை. ஏற்கெனவே தகவல் இருக்கும் பழைய டிஸ்க்கை ரெண்டாவதாக மாட்டும்போது விண்டோஸ் இனிஷியலைஸ் கேட்டால் கேன்சல் அழுத்துங்கள். ஓகே கொடுத்தால் பாகப்பிரிவினை எழுதிய இடத்தில் புதிதாக எழுதிவிடும்.

கொலுசுப் பட்டறை

அப்போ இனிமேல் சி டிரைவில் இருக்கும் டிசைன் ஃபைலை எல்லாம் புதுசில் ஒரு காப்பி போட்டு வைத்தால் பேக்கப்பும் ஆச்சு. ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்.

எஸ்டேட் கணக்கு

எங்கள் ஆபீஸில் அப்படித்தான் வைத்திருந்தோம். மழைக்காலத்தில் இடி விழுந்து எஸ்எம்பிஎஸ்ஸோடு ரெண்டு டிஸ்க்கும் ஒரே நாளில் போனது. கணக்கை பிரிண்ட் எடுத்த தாளைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். ஒரே டப்பாவுக்குள் ரெண்டு காப்பி இருந்தால் அது ஒரு காப்பிதான்.

கொலுசுப் பட்டறை

அக்கா, யூபிஎஸ் இருந்தால்?

எஸ்டேட் கணக்கு

யூபிஎஸ் இருந்தது தம்பி. இடி டெலிஃபோன் லைன் வழியாக வந்தது.

சால்டரிங் அயர்ன்

அக்கா சொல்வது சரி. திருடன் வந்தாலும் டப்பாவோடு தூக்கிக்கொண்டு போவான், வைரஸ் வந்தாலும் ரெண்டு டிரைவையும் பூட்டும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிட்டது. முடிந்தால் அந்த மிஷினுக்கு இன்டர்நெட்டே கொடுக்காதீர்கள். டிசைன் ஃபைல் சின்னது என்கிறீர்கள், ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் வாரா வாரம் ஏற்றி வேறு வீட்டில் வையுங்கள்.

இளம்பிள்ளை தறி

ஃபார்மட் சுத்தமாக முடிந்தது. மூன்றும் பூஜ்யம். சூடு 41 டிகிரி காட்டுகிறது, பரவாயில்லையா? இன்னொன்று, சாஃப்ட்வேர் ஸ்கேன்களை டி டிரைவில் ஒரு ஃபோல்டரில்தான் தேடுகிறது. செட்டிங்ஸில் மாற்ற வழி இல்லை. புது டிஸ்க் எஃப் என்று வந்திருக்கிறது.

பென்குயின்

41 நல்லது. மே மாதம் சேலத்தில் அதே டிஸ்க் 50ஐத் தொட்டால் முன்பக்கம் ஒரு ஃபேன் போடுங்கள். 60 என்பது பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு மேல் வரம்பு, அதன் பக்கம் போகவே விடாதீர்கள்.

ஃபோல்டருக்கு வழி இருக்கிறது. டி டிரைவில் இருக்கும் ஸ்கேன் ஃபோல்டரை அப்படியே எஃப்புக்குக் காப்பி செய்யுங்கள். எண்ணிக்கையும் அளவும் சரிபாருங்கள். பழையதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, எம்கேலிங்க் கட்டளையை ஜே சுவிட்சோடு கொடுத்து, முதலில் டி டிரைவில் பெயர் மாற்றும் முன் இருந்த பாதை, அடுத்து எஃப்பில் இருக்கும் புதுப் பாதை என்று எழுதுங்கள். டி டிரைவில் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் தெரியும், உள்ளே போனால் எஃப்பில் இருப்பதுதான் வரும். சாஃப்ட்வேருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பெயர் மாற்றிய பழையதை அழியுங்கள். அந்த இணைப்பு ஃபோல்டருக்குள் போய் எதையாவது அழித்தால் எஃப்பில் இருக்கும் உண்மையான ஃபைல்தான் அழியும் என்று சித்தப்பாவிடமும் சொல்லி வையுங்கள்.

எஸ்டேட் கணக்கு

என்னிடம் இதைவிடப் பழசு ஒன்று இருக்கிறது. பென்டியம் 4, அகலக் கேபிள் போட்ட 40 ஜிபி. அதிலும் ரெண்டாவது போடலாமா?

சால்டரிங் அயர்ன்

அகலக் கேபிள் என்றால் ஐடிஇ. கேபிளின் நீல முனை போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் இருக்கும் சாம்பல் முனை ஸ்லேவுக்கு. டிஸ்க்கின் பின்னால் சின்ன ஜம்பரை ஸ்லேவ் இடத்தில் மாற்ற வேண்டும், படம் டிஸ்க் மேலேயே ஒட்டியிருக்கும். போடலாம்தான் அக்கா, ஆனால் ஐடிஇ டிஸ்க் இப்போது புதுசாகக் கிடைக்காது, கிடைப்பதெல்லாம் பதினைந்து வருஷம் ஓடியது. அந்தக் காசுக்கு ஐடிஇ-யூஎஸ்பி மாற்றி ஒன்று வாங்கி, 40 ஜிபியில் இருப்பதை வேறு மிஷினுக்கு எடுத்துவிடுங்கள். கீழே வரும்போது டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தால் நானே எடுத்துத் தருகிறேன்.

எஸ்டேட் கணக்கு

புதன்கிழமை சேலம் வருகிறேன். டிஸ்க்கைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரலாமா, அதிர்ச்சியில் போய்விடாதே?

சால்டரிங் அயர்ன்

ஓடாத டிஸ்க்குக்கு வளைவெல்லாம் ஒன்றும் செய்யாது. கீழே மட்டும் போடாதீர்கள். துணியில் சுற்றி எடுத்து வாருங்கள், மதியம் ரெண்டு மணிக்கு மேல் கடையில் இருப்பேன்.